ஊரே கைகாட்டிய பைக்கடை

இதை நான் சொல்லச் சொல்ல எங்கள் ஆபீஸ் ஜெயா எழுதுகிறாள். எழுதியதை அவள் திரும்ப வாசித்து, நான் கேட்ட பிறகுதான் அடுத்த பேச்சு. நல்ல பெண்தான். இருந்தாலும் நான் சொல்லாத ஒரு சொல்லை அழகுக்காக நடுவில் செருகிவிடுவாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் எனக்குத் தெரியும். தமிழ்க் கடைப் பலகை வரைக்கும் வரும், அதற்கு மேல் ஓடாது. காது மட்டும் சுத்தம். இந்த வேலையில் நான் சாப்பிட்ட சோறு அந்தக் காது போட்டது.

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்று முதலாளி கேட்டார். கம்ப்யூட்டரில் எதை எங்கே அழுத்துவது என்பதை உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். யாரை, எப்போது நம்பக்கூடாது என்பது என் பங்கு.

நம் வேலையை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன். ஒருவர் இணையத்தில் எதையோ தேடுகிறார். யாரை முன்னால் நிறுத்துவது, யாரைப் பின்னால் தள்ளுவது என்று, தேடித் தருகிற கம்பெனிக்காரன் முடிவு செய்ய வேண்டும். அவனைத்தான் நான் தேடல்காரன் என்பேன். அவனுக்குக் கடைக்காரர்களைத் தெரியாது. அதனால் ஊரில் யார் யாரைக் கைகாட்டுகிறார்கள் என்று பார்க்கிறான். ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு வழி போட்டிருந்தால் அதுதான் லிங்க். நாலு நல்ல இடத்திலிருந்து வழி வந்தால் கடை மேலே ஏறும். அந்த நாலு இடத்தைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது நம் பிழைப்பு.

நான் இதற்குள் வந்தது குழாய் ஒழுகியதால். செம்பூரில் நம் ஆபீஸுக்கு நேர் கீழ்வீடு என்னுடையது. மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறதென்று சண்டை போட ஏறி வந்தேன். அங்கே ஒரு பெண், தாராவிக் கடைக்காரர் ஒருவரிடம் போனில் ஆங்கிலமும் இந்தியுமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் அவர் சத்தம் போடுவது எனக்கே கேட்டது. போனை வாங்கி, அவர் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தேன். பேச்சு முடிவதற்குள் அவர் லிங்க் போட ஒப்புக்கொண்டார். முதலாளி மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர், அதிகம் பேசமாட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாக்கியம்மா, நாளைலேருந்து வர்றேளா?" என்று கேட்டார். முதலில் குழாயைச் சரி பண்ணுங்கள் என்றேன். பண்ணினார். வந்தேன்.

அதற்கு முன்னால் எனக்கு வேறு ஒரு வேலை இருந்தது. எங்கள் ஆட்களில் சம்பந்தம் பேசுவதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க ஒருத்தியை அனுப்புவார்கள். என்னைத்தான் அனுப்புவார்கள். விசாரிப்பில் சில வழக்கம் உண்டு. சொந்தக்காரனிடம் கேட்கக்கூடாது. இஸ்திரி போடுகிறவரிடம், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவளிடம் கேட்க வேண்டும். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் நல்லது. மூன்று பேரும் ஒரே சொல்லாகச் சொன்னால், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "பையன் தங்கம், ஆனா காலையில எந்திரிக்க மாட்டான்" என்று சின்னக் குறை ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறவரை நம்பலாம். குறையே இல்லாத மாப்பிள்ளை எனக்குத் தெரிந்து எந்தத் தெருவிலும் இல்லை.

இனி முத்துலெட்சுமியின் கதை.

முத்துலெட்சுமி தாராவியில் தோல் பை செய்கிறவள். கம்பெனிக்காரர்கள் தீபாவளிக்கு ஆட்களுக்குக் கொடுக்கிற பை, பள்ளிக்கூடங்கள் மொத்தமாக வாங்குகிற பை, இதுதான் அவள் தொழில். கணவன் இறந்த பிறகு பட்டறையை அவள் எடுத்து நடத்தினாள். இடம் குடும்பத்து இடம். கொழுந்தன் ஒரு பேச்சு வைத்திருந்தான்: தொழில் ஓடுகிறவரை மதினி வைத்துக்கொள்ளலாம், ஒரு வருஷம் படுத்தாலும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அவள் எங்களிடம் வந்த பிறகு கடை மெல்ல மேலே ஏறி, பை மொத்தமாக வேண்டுமென்று தேடினால் முதல் பக்கத்திலேயே அவள் பெயர் வந்தது. போன் ஓயாமல் அடித்தது.

ஒரு புரட்டாசி மாதம் அவள் ஆபீஸுக்கு வந்தாள். தன் பட்டறையில் செய்த பையையே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சித்தி, போன் அடிக்கவே மாட்டேங்கு. தீபாவளி ஆர்டர் ஒண்ணுகூட வரல. தேடிப் பாத்தா கடையையே காணும்."

முதலாளி பார்த்தார். தேடல்காரனிடமிருந்து ஓலை வந்திருந்தது. இந்தக் கடைக்கு வருகிற வழிகள் இயல்பாக வந்தவை இல்லை, சொல்லிவைத்துப் போட்டவை, அதனால் கீழே இறக்கியிருக்கிறோம் என்று. முதலாளிக்கு விஷயம் அப்போதே பாதி விளங்கிவிட்டது. "நாம வாங்கினது பத்து இருபதுதான். இது குப்பலா வந்திருக்கு. யாரோ சேர்ந்து பண்ணியிருக்கா," என்றார்.

தீபாவளி ஆர்டர் கைவிட்டுப் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஆர்டரும் போனால் சாவி போகும்.

அவள் ஒரு போட்டிக்காரன் பெயரைச் சொன்னாள். ஜெயா கொழுந்தன் மேல் சந்தேகப்பட்டாள். நான் எல்லார் மேலும் சந்தேகப்பட்டேன், முத்துலெட்சுமி உட்பட. எங்களுக்குத் தெரியாமல் யாரிடமாவது லிங்க் வாங்கினாயா என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவள் முகம் சிவந்து, பிள்ளை மேல் சத்தியம் பண்ணப் போனாள். கையைப் பிடித்து இறக்கினேன். சத்தியத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை, பாவம் பிள்ளையை எதற்கு இழுக்க வேண்டும். நம் ஆபீஸ் ஆட்களையும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று.

பிறகு ஜெயாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த லிங்க் ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். மாவுக் கடையில், "மும்பையில் மொத்த விலைக்கு நம்பகமான தோல் பை." டிராவல்ஸ்காரர் தளத்தில், "மும்பையில் மொத்த விலைக்கு நம்பகமான தோல் பை." நகைக்கடையில் அதே. ஜெராக்ஸ் கடையில் அதே. கருவாட்டுக் கடையிலும் அதே. கருவாடு விற்கிறவர் எதற்குத் தோல் பையைப் பற்றிப் பேசுகிறார்? அதுவும் நகைக்கடைக்காரர் பேசுகிற அதே வாயால்?

ஜெயா வாசிக்க வாசிக்க அந்த ராகம் எனக்குப் பழகினதாக இருந்தது. ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நல்வரவை விரும்புகிறவர்கள் பெயரை வாசிப்பார்களே, அதே ராகம். ஜெயா வாசித்த கடைகளும் எல்லாம் எங்கள் ஊர்க்காரர்களுடையவைதான். அத்தனை பேரையும் ஒரே சொல்லைச் சொல்ல வைக்கிற ஆள் தாராவியில் ஒருவர்தான் உண்டு.

ஊர்ச் சங்கத்துச் செயலாளர். மளிகைக் கடை வைத்திருக்கிறார். எனக்கு அண்ணாச்சி முறை.

போகிற வழியெல்லாம் என் சந்தேகம் வளர்ந்துகொண்டே வந்தது. அண்ணாச்சியின் மருமகன் தாணேயில் புதிதாகப் பைக்கடை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய் நின்றதும் அதைக் கேட்கவில்லை. விசாரிப்பில் நேராகக் கேட்கிறவளுக்கு வளைந்த பதில்தான் கிடைக்கும். பருப்பு வாங்கினேன். மழையைப் பற்றிப் பேசினேன். அந்த ஆடிக் கொடை நன்றாக நடந்ததா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்த வருசம் பேப்பர் நோட்டீஸே கெடையாது பாக்கியம். எல்லாம் இன்டர்நெட்டு. சங்கத்துக்கு ஒரு தளம், அதுல எல்லாக் கடை பேரும். ஒவ்வொரு கடைக்காரனும் தன் தளத்துல மத்தவன் கடை எல்லாத்தையும் போடணும்னு சொல்லிட்டேன். ஒருத்தன் பேரு விட்டுப் போகல."

"வாசகம் யாரு எழுதுனது?"

"நாந்தான். கடைக்கு ஒரு வரி. எழுதி எல்லாவனுக்கும் அனுப்பி, ஒரு எழுத்து மாறக்கூடாதுன்னுட்டேன். அவனவன விட்டா ஒருத்தன பெருசா எழுதுவான், ஒருத்தன சிறுசா எழுதுவான். பொறவு சண்டை யாரு தீக்குறது?"

பேப்பர் நோட்டீஸ் காலத்து நியாயம் அது. ஒரு பெயர் பெரிய எழுத்தில் வந்து, இன்னொன்று சின்ன எழுத்தில் வந்ததற்காக எங்கள் ஊரில் அண்ணன் தம்பி பேசாமல் போயிருக்கிறார்கள். அவருக்கு அது பழகின கை. ஆனால் தேடல்காரனுக்குக் கொடை தெரியாது. ஒரே நாளில், ஒரே சொல்லில், ஒருவரை ஒருவர் கைகாட்டுகிற கூட்டம் என்றால் அவனுக்கு ஏமாற்றுக்காரர்கள் என்றுதான் அர்த்தம். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மற்ற கடைகளும் விழுந்திருக்கும். ஆனால் மாவுக் கடைக்கும் கருவாட்டுக் கடைக்கும் ஆட்கள் தெருவில் நடந்து வருகிறவர்கள், அவர்களுக்குத் தெரியவே இல்லை. இணையத்தை நம்பி இருந்தவள் முத்துலெட்சுமி ஒருத்திதான்.

"மருமகன் கடையையும் சேத்தியளா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவுக வேற ஊருல்லா. நம்ம கொடைக்கு எப்படிப் போட?"

நியாயமான பதில். அதே நேரம், கூட்டத்தில் விழாமல் நிற்கிற பைக்கடை அது ஒன்றுதான். அவர் கண்ணைப் பார்த்தேன். பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். இன்றுவரை எனக்கு அது தெளியவில்லை. தெரியாமல் செய்தாரா, தெரிந்து செய்தாரா என்று கேட்டால், நான் பாதிப் பாதி என்றுதான் சொல்வேன்.

பிள்ளைகளா, இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானிக்க வேண்டும். மருமகனுக்காக வேண்டுமென்றே செய்தீர்களா என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கேட்டிருந்தால் எனக்கு நிம்மதி, முத்துலெட்சுமிக்குச் சாவி போயிருக்கும். அந்த லிங்க் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லக்கூடிய ஒரே வாயும் அவர் வாய்தான். சந்தேகம் என்பது எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிற விளக்கு. அதைத் தூக்கி ஒருவர் தலையில் அடிக்கக்கூடாது. நான் விழுங்கிக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்லி, முத்துலெட்சுமி கடை லிங்கை எல்லாரும் எடுக்க வேண்டும் என்றேன். அண்ணாச்சி தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"கொடைக்குப் போட்ட பேர எடுக்கச் சொல்லுதியா? பேர எடுத்தா ஊர விட்டுத் தள்ளி வச்சதா அர்த்தம். நாளைக்கு அவ வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரு வருவா? நீ வருவியா, ஒன் ஆபீஸ்காரன் வருவானா?"

அவர் சொன்னது உண்மை. கடையைக் காப்பாற்றப் போய் அவளை ஊரில்லாதவளாக்கக் கூடாது. வெளியே வந்து முதலாளிக்குப் போன் போட்டேன். பெயர் இருந்து, அதை அழுத்தினால் கடைக்குப் போகிற வழி மட்டும் இல்லாமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். "தாராளமா இருக்கலாம். வெறும் பேரால ஒரு தோஷமும் இல்லை," என்றார். எதையும் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று பேசாதவர் அவர். "ஆனா அத்தனை பேரும் ஒத்துக்கணுமே. அது உங்க பாடு," என்று வைத்துவிட்டார்.

திரும்ப உள்ளே போனேன்.

"அண்ணாச்சி, பழைய பேப்பர் நோட்டீஸ்ல கடை பேர விரலால அமுக்குனா கடை தொறக்குமா?"

"பேப்பர அமுக்குனா எப்படித் தொறக்கும், கிறுக்கி."

"அப்ப அதே மாதிரி இருக்கட்டும். பேரு அப்படியே நிக்கட்டும். அமுக்குனா தொறக்க வேண்டாம்."

தராசைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு சிரித்துவிட்டார். எல்லாருக்கும் தானே சொல்வதாக ஒப்புக்கொண்டார். நான் கிளம்பும்போது கூப்பிட்டு, "வேணும்னா வேற வாசகம் ஒண்ணு எழுதித் தரட்டா?" என்றார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

அவர் சொன்னாலும், கடை கடையாகப் போன் போட்டு விளக்க வேண்டியிருந்தது. அது என் வேலை. ஜெராக்ஸ் கடைக்காரர் மனசைப் புண்ணாக்கிக்கொண்டார். "அவ கடை பெருசாயிட்டு. எங்க கடை வழியா ஆளு வந்தா கேவலமா இருக்கு, அதான?" என்றார். அவர் வீட்டு வாசலுக்கு முத்துலெட்சுமியையே அனுப்பி டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். அடுத்த நாள் எடுத்துவிட்டார்.

தாணேயில் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவர் ஒருவர் பட்டியலில் இருந்தார். அவர்தான் வித்தியாசமாகப் பேசினார்.

"நான் நெசமாவே அவட்ட பை வாங்கியிருக்கேன் பாத்துக்கிடுங்க. கரண்டி, கத்தி எல்லாம் அதுலதான் தூக்கிட்டுப் போறேன். தையலு விடல. ஜிப்புதான் கொஞ்ச நாள்லயே போயிட்டு."

"அப்ப நீங்க லிங்கை எடுக்க வேண்டாம். அண்ணாச்சி வரிய எடுத்துட்டு, இப்ப சொன்னியள்ல, அத அப்படியே போடுங்க."

"ஜிப்பு போனதையுமா?"

"அதத்தான் முக்கியமா."

இதைக் கேட்டு முத்துலெட்சுமி ஆபீஸுக்கே வந்துவிட்டாள். கடையே விழுந்து கிடக்கிறது, இதில் ஜிப் போனதை ஊருக்குச் சொல்ல வேண்டுமா என்று கோபம். அது இருக்கட்டும், அவருக்கு ஜிப்பை மாற்றிக் கொடு என்றேன். முறைத்துக்கொண்டே போனாள், மாற்றிக் கொடுத்தாள். சமையல்காரர் தன் பக்கத்தில் இன்னொரு வரி சேர்த்தார்: கேட்டேன், காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அவரைப் போல உண்மையாகவே பை வாங்கியிருந்த ஒரு சிலரைத் தேடிப் பிடித்து, அவரவர் வாயால் எழுதச் சொன்னோம். ஒருவர் பையின் நிறத்தைக் குறை சொன்னார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

முதலாளி செய்ததை எல்லாம் எழுதித் தேடல்காரனுக்கு அனுப்பினார். பிறகு காத்திருப்பு. இந்த வேலையில் காத்திருக்கும்போதுதான் ஆட்கள் கெட்டுப்போவார்கள். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று, போன் அடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வாஷியிலிருந்து ஒருவரைக் கொழுந்தன் பட்டறைக்குக் கூட்டிவந்தான், நானும் அங்கே இருந்தேன். சட்டையில் மடிப்புக் கலையாத ஆள். ஆஸ்பத்திரி, காலேஜ், பேப்பர் என்று பெரிய பெரிய தளத்திலிருந்து ஒரே வாரத்தில் லிங்க் வாங்கித் தருகிறேன், கடை மறுபடி மேலே வந்துவிடும் என்றார். முத்துலெட்சுமி ஆடிப்போயிருந்தாள். சரி என்று சொல்ல வாய் எடுத்துவிட்டாள்.

நான் அந்த ஆளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். நீங்கள் இதற்கு முன் தூக்கிவிட்ட கடைக்காரர் ஒருவரின் நம்பர் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். பார்ட்டி பெயரெல்லாம் வெளியே சொல்ல முடியாது ஆன்ட்டி, அது எங்கள் தர்மம் என்றார். சரி, லிங்க் போடுகிற தளத்துக்காரர் ஒருவர் நம்பராவது கொடுங்கள் என்றேன். அதுவும் தர்மம் என்றார். தன்னை விசாரிக்க ஒரு இஸ்திரிக்காரர்கூட இல்லாத மாப்பிள்ளைக்கு நான் பெண் கொடுக்கமாட்டேன். முத்துலெட்சுமிக்கு அது புரிந்தது. அந்த ஆளை அவளே படி வரைக்கும் கொண்டுபோய் விட்டாள்.

அந்த ஆளைக் கொழுந்தன் எதற்காகக் கூட்டிவந்தான் என்பதையும் நான் மனசில் குறித்துக்கொண்டேன். உதவி பண்ணவும் இருக்கலாம்.

பங்குனியில் ஒரு நாள் பட்டறைக்குப் போயிருந்தேன். தைக்கிற மெஷின் பாதி உறைபோட்டு மூடிக் கிடந்தது. கொழுந்தன் வந்தான், சாவியைப் பற்றிப் பேச. அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. முத்துலெட்சுமி எடுத்தாள். எதிர்முனையில் வாஷிப் பள்ளிக்கூடம் ஒன்று. அவள் இந்தியில் பேசினாள், குரல் நடுங்காமல்.

"ஜிப் போனால் மாற்றிக் கொடுப்பீர்களாமே, எழுதியிருக்கிறது, நிஜமா?" என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்றாள். எத்தனை பை, எந்த அளவு என்று பேச்சு நீண்டது. பேசிக்கொண்டே கொழுந்தனைப் பார்த்து, உட்கார் என்று கையைக் காட்டினாள். அவன் உட்கார்ந்தான். அவள் பேசி முடிப்பதற்குள் அடுத்த போன் வந்தது. தேடல்காரன் கடையைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டான் என்று எனக்குப் புரிந்தது. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். சாவி ஆணியிலேயே தொங்கியது. இப்போதும் அங்கேதான் தொங்குகிறது.

அண்ணாச்சி அடுத்த கொடைக்கும் தளம் போட்டார். பெயர்கள் இருந்தன, அழுத்தினால் எதுவும் திறக்கவில்லை. போட்டதும் ஜெயாவை விட்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அண்ணாச்சி மேல் எனக்கு மரியாதை உண்டு. அழுத்திப் பார்ப்பது வேறு.

போன மாதம் நான் வேலையை விட்டேன். ஆபீஸ் தளத்தில் என்னைப் பற்றி ஒரு பக்கம் போட்டிருக்கிறார்கள், பழைய பார்ட்டிகளெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னது என்று. ஜெயாவை வாசிக்கச் சொன்னேன். முதல் ஆள், "பாக்கியம்மாவின் அர்ப்பணிப்பும் அனுபவமும் எங்கள் வளர்ச்சிக்குத் துணை நின்றன." இரண்டாவது ஆள், "பாக்கியம்மாவின் அனுபவமும் அர்ப்பணிப்பும்." மூன்றாவதிலும் அர்ப்பணிப்பு வந்தது. நிறுத்தச் சொன்னேன்.

"இத யாரு எழுதிக் குடுத்தது?"

ஜெயா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. மீதியையும் வாசி என்றேன். கடைசியில் முத்துலெட்சுமி போட்டது இருந்தது.

"இந்தம்மா பெரிய சந்தேகப் பிராணி. என்னையே திருடின்னு நெனச்சாவ. வாயும் ஜாஸ்தி. ஆனா என் கடைச் சாவி இன்னைக்கும் என் ஆணிலதான் தொங்குது."

அதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டேன். எடுத்துவிட்டதாக ஜெயா சொல்கிறாள். நாளைக்கு வேறு யாரையாவது விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.